ஒரு படி ஏற்றிப் போட்ட பட்டங்கள்

என் மனைவியும் மகளும் அபுதாபிக்கு வராமல் போனதற்கு நீங்கள்தான் காரணம், செயலாளர் அவர்களே. தமிழ்ச் சங்கத்தில் நீங்கள் செயலாளர், ஹோட்டலில் என் மேனேஜர். இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆள் உட்கார்ந்திருந்ததுதான் என் கேடு.

ருவைஸ் எண்ணெய் ஆலையில் இத்தாலிக்கார எஞ்சினியர்களோடு வருடக்கணக்கில் குப்பை கொட்டியவன் நான். அந்த மொழி தெரியும் என்றுதான் ஹோட்டலில் விருந்துப் பிரிவுக்கு எடுத்தார்கள். சூப்பர்வைசர் ஆகிவிட்டால் ஃபேமிலி ஸ்டேட்டஸ் கிடைக்கும், குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் உறுதி என்று நீங்களே சொன்னீர்கள். அதை நம்பி ஊரில் என் மனைவி மகளுக்கு டி.சி.யே வாங்கிவிட்டாள்.

அப்போதுதான் சொகுசுப் படகு செய்யும் ஓர் இத்தாலியக் கம்பெனி நம் ஹோட்டலில் விருந்து வைத்தது. வந்தவர்கள் இங்கிலாந்துப் பிரபுக்கள். மேஜையில் வைக்கும் பெயர் அட்டையில் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் இத்தாலியன். பாரனுக்கு பரோனே, வைகவுண்டுக்கு விஸ்கோன்தே, அதற்கும் மேலான ஏர்லுக்கு கோன்தே என்று எழுதி வைத்தேன். படிக்குப் படி பொருந்தியது. உங்களுக்குத்தான் பொருந்தவில்லை.

"என்னய்யா இது, கஞ்சத்தனமா இருக்கு? எல்லாரையும் ஒரு படி ஏத்திப் போடு."

"சார், இது பரம்பரைப் பட்டம். நம்ம இஷ்டத்துக்கு ஏத்த முடியாது."

"ஏத்திச் சொன்னா எவன்யா கோவிச்சுப்பான்? நம்ம சங்க நோட்டீஸ்ல போடலியா?"

போட்டோம். மளிகைக் கடைக்காரரைத் தொழிலதிபர் ஆக்கினோம். பல் டாக்டரை மருத்துவ மாமணி ஆக்கினோம். விழாவுக்கு நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவர் கொடை வள்ளல். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை என்பது உண்மைதான்.

"அப்போ கோன்தேக்கு மேல என்ன?"

"மார்க்கேசே. அதுக்கு மேல தூக்கா."

"அதெல்லாம் யாருக்குப் புரியும்? பிரின்ஸ்னு போடுய்யா. யல்லா, சீக்கிரம் பிரிண்ட் எடு."

எடுத்தேன். மேனேஜர் சொன்னால் எடுக்கத்தான் வேண்டும்.

ராஜகுடும்பத்தவரை எங்கே உட்கார வைப்பது என்பது இந்த ஊரில் பெரிய விஷயம். அட்டையில் 'பிரின்சிபே', அதாவது இளவரசர், என்று பார்த்த இத்தாலியர்கள் பதறிப்போய், அந்த ஏர்லின் நாற்காலியைத் தலைமை விருந்தினரான ஷேக்கின் பக்கத்துக்கு நகர்த்தினார்கள். ஷேக் எழுந்து நின்று வரவேற்று, "எந்த அரச குடும்பம்?" என்று மரியாதையாகக் கேட்டார். வெள்ளைக்காரர் முகம் வேகவைத்த இறால் மாதிரி ஆனது. "நான் இளவரசன் இல்லை. இதை யார் எழுதியது?" என்று அட்டையைத் தூக்கிக் காட்டினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. நீங்கள் மட்டும் சுறுசுறுப்பாகக் காபி மெஷின் பக்கம் போனீர்கள்.

மறுநாள் ஜெனரல் மேனேஜர் அறையில் ஒரே ஒரு உண்மை சொன்னீர்கள்: "எனக்கு இத்தாலியன் தெரியாது சார். எழுதினது இவர்." நடந்ததை நான் சொன்னேன். "நான் ஏன் அப்படிச் சொல்லப் போறேன்?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்போடு எனக்கு வரவிருந்த சூப்பர்வைசர் வேலை கலாஸ், முடிந்தது.

அதே பள்ளிக்கூடத்துக்கு மகளைத் திரும்பக் கூட்டிப் போனாள் என் மனைவி. "ஏம்மா, ஃபாரின் என்னாச்சு?" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லார் முன்னாலும் கேட்டாராம். இதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

இந்தப் பொங்கல் விழாவில் சங்கம் உங்களுக்கு 'வாய்மைச் செம்மல்' பட்டம் கொடுக்கிறதாம். தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். பொன்னாடையை மடிப்பதற்கு முன்னால், நம் ஆட்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும்போது, அதே மைக்கில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: ஏர்லை இளவரசன் ஆக்கச் சொன்னது யார்? நீங்களா, நானா? முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். சொல்லுங்கள்.