தம்பியின் உடம்பிலிருந்து கசிந்த புரதம்

கல்முனையில் உயர்தர மாணவிகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். புரதங்களைப் பற்றிய பாடத்தை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன்.

என் தம்பி கடலுக்குப் போகிறவன். ஒரு காலையில் மீன் கொண்டுவந்தவனின் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டேன். கண்மடல்கள் வீங்கியிருந்தன. கணுக்காலை விரலால் அழுத்தினேன். விழுந்த குழி அப்படியே நின்றது.

"ஒண்டுமில்ல ராத்தா, நித்திர காணாது" என்றான்.

பலவீனம் என்று நினைத்து, ஒரு கிழமையாக அவனுக்கு முட்டை அவித்துக் கொடுத்தேன். வீக்கம் தொடைவரை ஏறியது. அப்போதுதான் வெட்கத்தோடு சொன்னான்:

"சலம் போனா சவுக்காரத் தண்ணி மாதிரி நுரைக்கிது."

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சிறுநீரில் புரதம் ஏராளமாகப் போவதாகச் சோதனை காட்டியது. சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகியிருந்தது. முட்டையைக் கூட்டிக் கொடுப்பதால் இது நிற்காது, உப்பைக் குறையுங்கள் என்றார் டொக்டர். படிப்பிக்கிற எனக்கே இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

வார்டில் தம்பி கேட்டான்: "புரதமெண்டா இறைச்சி, மீன்தானே ராத்தா?"

"அதுல இரிக்கிறதும் புரதந்தான். ஆனா அது ஆயிரக்கணக்கான வகை. ஒவ்வொண்டுக்கும் ஒரு வடிவம், அந்த வடிவத்துக்கேத்த வேல. நீ வலை இழுக்கிறதும் தசையில இரிக்கிற புரதத்தாலதான். ஈரல் அல்புமின் எண்டு ஒண்டு செய்யும். அது ரத்தத்துக்குள்ள தண்ணியப் பிடிச்சு வெச்சிரிக்கும். உனக்கு அது சலத்தோட போகுது. அதான் தண்ணி வெளியே கசிஞ்சு காலு வீங்கிரிக்கி."

"அந்த வடிகட்டிய அடைக்க ஏலாதா?"

"அதுவும் புரதத்தாலதான் பின்னிரிக்கி. குளிசையால திருத்தப் பாக்கிறாங்க."

அவன் தன் கணுக்காலை விரலால் அழுத்தி, விழுந்த குழியைப் பார்த்தான்.

தினமும் விழுங்கிய ஸ்டீரொயிட் குளிசை அவனுக்கு அடங்காத பசியையும் கோபத்தையும் தந்தது. சோற்றுக்கு ஊற்றிய உப்பில்லாத ஆணத்தைப் பார்த்து உம்மாவோடு சண்டை பிடித்தான். உம்மா உப்புக்குப் பதிலாகத் தேசிக்காய் பிழிந்து கொடுத்தா. கிழமைகள் போகப் போக வீக்கம் வடிந்தது. மூன்றாவது மாதம் சிறுநீரில் புரதம் இல்லை.

திரும்பவும் வரலாம் என்று டொக்டர் எச்சரித்திருக்கிறார். அதனால் தம்பி வீட்டிலேயே சோதனைக் கீற்றைச் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கிறான். புரதம் இருந்தால் அதன் மஞ்சள் நிறம் பச்சையாகும். பார்த்ததும் எனக்குப் போன் எடுக்கிறான்.

"மஞ்சள்தான் ராத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போகிறேன்.