முதுகில் தைத்த இரண்டு நிறம்

1. பழைய மோட்டார் சைக்கிள் கிளப் படம் ஒன்றைப் பார்த்து, தம்பிக்குக் கையில்லாத ஜீன்ஸ் மேல்சட்டை தைத்தேன்.
2. படத்தில் இருந்தபடியே முதுகில் இரண்டு நிறப் பட்டை வைத்தேன். துணித் தொழில்நுட்பம் படித்தவள் என்பதால் சாயம் போகுமா என்று மட்டும் சோதித்தேன்.
3. அவன் அதைப் போட்டுக்கொண்டு பைக்கில் ஏரலுக்குக் கிளம்பினான்.

வழியில் டீக்கடையில் நான்கு பேர் மறித்தார்கள். அந்த இரண்டு நிறமும் சேர்ந்தால் அவர்களுக்கு ஆகாத சாதியின் கொடியாம்.

"ஏலே, எங்க ஊருக்குள்ளயே கொடி கட்டிட்டு வாரியோ?" என்று ஒருவன் கழுத்தைப் பிடித்தான்.

"எங்க அக்கா தச்சது வே!"

கடைக்கார அண்ணாச்சி கொதிக்கும் பால் சட்டியோடு நடுவில் வந்து, "துணியப் பாத்தா ஆள அடிக்கிய? போங்கலே!" என்று விரட்டியதால் தம்பி தப்பினான்.

நூலில் எதிரியைத் தேடும் இந்த வீரர்களுக்கு மூளை எதற்கு என்று தெரியவில்லை. ஆனாலும் பட்டையைப் பிரித்துவிட்டேன். இப்போது யார் கேட்டாலும் சாம்பல் நிற நூலில் மட்டுமே தைக்கிறேன். சாம்பலுக்கு இங்கே இன்னும் யாரும் கொடி பிடிக்கவில்லை.