ஒர்னெல்லாவின் முதல் வார்த்தை

பெர்சானோ வீட்டு ஒயின் நிலவறையில் ஒர்னெல்லா முகர்ந்து முதல் வார்த்தை சொல்லாமல் யாரும் கோப்பையை வாயருகே கொண்டுபோக மாட்டார்கள். எந்தப் பீப்பாயை இப்போதே விற்பது, எதை இருபது வருஷம் உறங்க விடுவது, எல்லாம் அவள் தீர்ப்புதான். இடுப்பில் சாவிக்கொத்தோடு அவள் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டுமே!

அந்த மூக்கு ஜனவரிக் காய்ச்சலோடு போய்விட்டது. காப்பி மணக்கவில்லை, பூண்டு மணக்கவில்லை. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. தெரிந்தால் சாவி போய்விடும். சாவி போனால் அந்த வீட்டில் அவள் யார்? உருளைக்கிழங்கு உரிக்கிறவள். அதுவும் கொழுந்தன் கிளெமென்தேவுக்கு அந்தச் சாவி மேல் எப்போதும் ஒரு கண்.

ஏப்ரலில் அவன் புது ஒயினைக் கோப்பையில் பிடித்து நீட்டினான். முகர்வதுபோல் பாவனை செய்துவிட்டுக் குடித்தாள். நாவற்பழம் தின்றதுபோல் ஈறெல்லாம் இழுத்துப் பிடித்தது. அப்பாடா! இந்தத் துவர்ப்பும் புளிப்பும் இருந்தால்தான் ஒயின் நாள்பட நிற்கும். அதற்கு நாக்கே போதும்.

"இது உறங்கட்டும்" என்றாள்.

"அப்போ இதே மலைச்சரிவுல வெளஞ்ச பழசையும் பாத்துருவோம் அண்ணி. நாளைக்கு சுவிஸ்காரங்க வாங்க வர்றாங்கல்ல?"

பாட்டிலைத் திறந்து, வழக்கப்படி அவளுக்கு முதலில் ஊற்றினான். கோப்பையைச் சாய்த்தாள். ஒயினின் விளிம்பு வயதேறிச் செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருந்தது. மூக்கை நுழைத்தாள். வெறும் காற்று. ஒரு மிடறு குடித்தாள். துவர்ப்பு நன்றாகத் தணிந்திருந்தது. அந்தச் சரிவின் பழைய ஒயினில் வழக்கமாக வரும் மணங்களை ஒப்பித்தாள்.

"காஞ்ச ரோஜா. கொஞ்சம் தார். நனைஞ்ச சருகு. அருமையா முதிர்ந்திருக்குடா."

கிளெமென்தே முகர்ந்தான். மூக்கு சுருங்கி, தலை பின்னால் போயிற்று. அவளை நிமிர்ந்து பார்த்தான்.

பாட்டிலின் தக்கை கெட்டு ஒயினையும் கெடுத்தால் மட்டும் அவன் காட்டுகிற முகம் அது. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம்; குடிக்கத் தெரியாதவன்கூட முகம் சுளிப்பான். அதைப் போய் அருமை என்று சொல்லிவிட்டாளே! செத்தோம் என்று நினைத்தாள்.

படியில் அவன் மனைவி இவானா. "என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? நல்லா இல்லையா? எனக்கும் ஒரு வாய் ஊத்துங்க."

ஒர்னெல்லாவின் கை தானாகச் சாவிக்குப் போனது.

கிளெமென்தே கோப்பையை ஒரே மூச்சில் காலி செய்தான். பாட்டிலையும் அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"அண்ணிதான் அருமைன்னு சொல்லிட்டாங்களே. உனக்கு ஒரு சொட்டுகூடக் கெடையாது, போடி!"

திட்டிக்கொண்டே இவானா மேலே போனாள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்கு பாட்டிலைத் திறந்ததும் தக்கையை நான் மோந்து பாக்குறேன். கெட்டிருந்தா இருமுவேன். எப்பவும்போல நீங்களே மொதல்ல பேசுங்க."

"எதுக்குடா?"

"எந்த ஒயின் எவ்வளவு நாள் நிக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியாதே அண்ணி."

ஒர்னெல்லா சாவிக்கொத்தை இறுகப் பிடித்தபடியே நின்றாள். நாளை அவன் இருமாமல் இருந்துவிட்டால்?