ஓடைக்கரைப் புளிச்சோறு

கடையில் வாங்கிய புளியோதரைப் பொடியைச் சூடான சோற்றில் கொட்டிக் கிளறினால் ஐந்து நிமிடத்தில் மதியச் சாப்பாடு தயார். ருசியிலும் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நல்லெண்ணெயும் வறுத்த கடலையும் மணக்கும்போது என் காது தானாகத் தண்ணீர்ச் சத்தத்தைத் தேட ஆரம்பித்துவிடும்.

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகும் வழியில், ஓடைக்கரையில் கீற்றுக் கொட்டகை போட்டு தாயம்மா அத்தை புளிச்சோறு விற்றார். அலுமினியப் போணியில் கரண்டி உரசும் ஓசையும், கூழாங்கற்களில் தண்ணீர் சலசலப்பதும், கீழே ஓடைக்குள் அவர் கணவர் பாண்டி மாமா குத்துக்காலிட்டுச் சட்டி தேய்க்கும் கரகரப்பும் சேர்ந்தே கேட்கும். மாமாவுக்குக் காது மந்தம்.

அப்போது எனக்கு ஏழு வயது; அம்மாவோடு அங்கே சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அன்று மலைமேல் மட்டும் கருத்திருந்தது. எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். ஓடை செம்மண் நிறமாகிச் சருகுகளை இழுத்து வந்தது. பிறகு தூரத்தில் லாரி உறுமுவது போல ஒன்று கேட்டது. அத்தை கரண்டியைப் போட்டுவிட்டார்.

"ஏட்டி, பிள்ளையத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடு! இலையெல்லாம் கெடக்கட்டும்!" என்று அம்மாவைத் தள்ளினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டு, தானும் மேட்டில் ஏறி நின்றுதான் ஓடைப் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, மேல வாங்க! தண்ணி வருது!"

மாமா நிமிரவில்லை. அடுத்த நொடி கொட்டகையும் இல்லை, மாமாவும் இல்லை.

மேட்டில் நின்ற அத்தனை பேரும் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நானும் கத்த நினைத்தேன். வாய் நிறையச் சோறு இருந்தது. அப்போதும் அது ருசியாகத்தான் இருந்தது.