ஓப்பநாயக்கவில் அட்டைக்கடி என்று நினைத்தது

பௌர்ணமி விடுமுறை வெள்ளிக்கிழமையில் வந்து மூன்று நாள் சேர்ந்து கிடைத்தால், கொழும்பில் யார்தான் வீட்டில் இருப்பார்கள்? சில மாதங்களுக்கு முன் எனக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செல்வி இருக்கிறாள். புறக்கோட்டையில் ஒரே துணிக்கடையில் ஆறு வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள் நாங்கள். சிவாவைக் கல்யாணம் கட்டித் தோட்டத்துக்குப் போன பிறகு, "எப்பதான் வருவீங்க அக்கா?" என்று கேட்டுக் கேட்டே அலுத்துப்போனாள். இந்த முறை வருகிறேன் என்று போனில் சொன்னதும் அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

போகிறவர்கள் காலை ஆறு மணிக்கே புறக்கோட்டையில் பலாங்கொடை பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். இரத்தினபுரி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அங்கிருந்து பெல்மதுளைச் சந்தி இன்னொரு இருபது. அதைத் தாண்டி அரை மணி நேரத்தில் ஓப்பநாயக்க. பஸ் கட்டணத்தை எழுதப் போவதில்லை, நீங்கள் படிக்கும்போது அது மாறியிருக்கும். டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் கொடுத்தேன்.

எனக்கு அட்டை என்றால் உயிர் போய்விடும். முழங்கால் வரை இரட்டைச் சோக்ஸ் போட்டிருந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"மிஸ், அட்டைக்கு ஒரு சவுக்காரக் கட்டி போதுமே. காலு முழுக்கத் தேய்ச்சிட்டா கிட்டயே வராது. நீங்க என்ன, கிரிக்கெட் விளையாடப் போற மாதிரி இருக்கீங்க."

செல்வி ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் அரைத்து வைத்திருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. கேட்டால் அடுப்புப் புகை என்றாள். தேநீர்க் கோப்பையை வாங்கும்போது அவள் விரல் என் கையில் பட்டது. கோப்பையை விட விரல் சூடாக இருந்தது.

"ஆறு நாளா காய்ச்சலுங்க அக்கா," என்று சிவாதான் போட்டுடைத்தார். "டவுன்ல டிஸ்பென்சரில காட்டினோம். ரத்தம் பாத்து டெங்கு இல்லன்னாங்க. மாத்திரை குடிச்சா எறங்குது, திரும்ப ஏறுது."

"போன்ல ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீங்க வராம நின்னுருவீங்கல்ல," என்றாள் செல்வி.

எனக்கு வந்த கோபத்தில் ரொட்டி இறங்கவில்லை. மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் அவள் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கொண்டுவந்து உடை மாற்றிவிட்டபோதுதான் கையிலும் காலிலும் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். உள்ளங்கையில்கூட இருந்தன. இடுப்பில் கறுப்பாக, நெருப்பு பட்டுக் கருகியது போல ஒரு சின்னப் பொருக்கு.

"அது அட்டை கடிச்சதுங்க. போன வாரத்துக்கு முந்தின வாரம்," என்றாள். நானும் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் என் சோக்ஸை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்! தோட்டத்தில் உடம்பில் எந்தத் தழும்பைக் காட்டினாலும் அட்டை என்றுதான் சொல்வார்கள். தினமும் கடி வாங்குகிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

அதே ஆட்டோவை வரச் சொன்னோம். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். நான் பார்க்க ஆசைப்பட்டு வந்த மாணிக்கக் குழிகள் பாதையோரம் வந்து வந்து போயின. ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை. செல்வியின் தலை என் மடியில் இருந்தது, அவள் என்னவோ பழைய கடைக் கணக்கு மாதிரி உளறிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையாக வந்தது.

அங்கே ஓர் இளம் பெண் டாக்டர். சிங்களத்தில்தான் பேசினார், சிவா சரளமாகப் பதில் சொன்னார். டாக்டர் கேள்விகள் கேட்டுக்கொண்டே தலைமுடிக்குள், காதின் பின்னால், அக்குளில் என்று தேடினார். இடுப்பில் அந்தப் பொருக்கைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"கூடெல்லா," என்றார் சிவா உடனே. சிங்களத்தில் அட்டை. நானும் பக்கத்தில் நின்று பலமாகத் தலையாட்டினேன்.

அரித்ததா என்று டாக்டர் கேட்டார். செல்வி கண்ணைத் திறந்து, "இல்லைங்க. அரிக்கவே இல்ல. சரி, இது நல்ல அட்டைன்னு விட்டுட்டேன்," என்றாள்.

சிவா அதை மொழிபெயர்த்ததும் டாக்டர் சிரித்துவிட்டார். அட்டை கடித்தால் நாள் கணக்கில் அரிக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாருக்கும் உறைக்கவில்லை. வீட்டில் நாய் இருக்கிறதா என்பது அவருடைய அடுத்த கேள்வி. இருக்கிறது, டைகர். காட்டுப்பன்றியை விரட்டிக்கொண்டு காட்டோரம் முழுக்கச் சுற்றி வருவான். வந்து தூங்குவது, செல்வி கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கின் மேல்.

அதுதான் வழி. காட்டு விலங்குகளிலும் நாய், ஆடு, எலியிலும் ஒட்டும் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் சிலவகைப் பாக்டீரியாக்களைச் சுமக்கின்றனவாம். டைகரிடமிருந்து ஓர் உண்ணி சாக்குக்கு வந்து, சாக்கிலிருந்து இடுப்புக்கு வந்திருக்கிறது. உண்ணிக்காய்ச்சல் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். பரிசோதனை முடிவு வர நாளாகும், அதுவரை காத்திருக்க முடியாது என்று அவளை வார்டில் சேர்த்து, அன்றைக்கே டொக்ஸிசைக்ளின் மருந்தைத் தொடங்கினார். வழக்கமான காய்ச்சல் மாத்திரைக்கு இது அடங்காதாம். இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்குமாம்.

ஞாயிறு மாலை காய்ச்சல் இறங்கியது. திங்கள் நான் லீவு போட்டுவிட்டேன். அன்று காலை செல்வி கேட்ட முதல் விஷயம் சோறு. வார்டு என்றும் பார்க்காமல் அவளைக் கட்டிக்கொண்டேன். டைகரை எங்காவது கொண்டுபோய் விடப் போவதாகச் சிவா சொன்னபோது சண்டைக்கே வந்துவிட்டாள்.

"அது என்னங்க பண்ணுச்சு? படங்க கீழ போட்டது நான்தானே!"

டைகர் இப்போது மிருக வைத்தியர் கொடுத்த மருந்தோடு சுகமாக இருக்கிறான். படங்கு ஆணியில் தொங்குகிறது.

அந்த டாக்டருக்கு என் நன்றி. ஆஸ்பத்திரி வாசலிலேயே பாதி நாள் காத்திருந்து, திரும்பும் சவாரிக்குப் பேரம் பேசாத ஆட்டோக்காரருக்கும் நன்றி. நீங்கள் இந்தப் பக்கம் போனால் அட்டைக்குச் சவர்க்காரம் போதும், பயப்படாதீர்கள். ஆனால் குளிக்கும்போது இடுப்பு, அக்குள், தலைமுடியைத் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் நெருப்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், சின்ன இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நாய் படுத்த சாக்கில் உட்காராதீர்கள். ஊருக்கு வந்தபின் காய்ச்சல் கண்டால், எந்தக் காட்டுக்குப் போனேன், எந்த நாயைக் கொஞ்சினேன் என்பதை டாக்டரிடம் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

டிக்கெட் வெட்டி அவளை வீட்டுக்கு அனுப்பிய நாளில் சிவா சொன்னார்: "நீங்க வரலன்னா இவ சனிக்கெழமையே கொழுந்துக்குப் போயிருப்பா அக்கா. காய்ச்சலோட."

செல்வி போனில் உண்மையைச் சொல்லியிருந்தால் நான், 'உடம்பைப் பார்த்துக்கொள், அடுத்த மாதம் வருகிறேன்' என்று அன்பாகச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்திருப்பேன். ஆகவே கடைசியாக ஒன்று. போகிற இடத்தில் யாருக்காவது காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு நாள் முன்னதாகவே கிளம்புங்கள்.