டிரையரில் காய்ந்த போன்

எங்கள் சலவைக் கூடத்தில் அவளை மடிப்புக்காரி என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துக் காயவைத்து அனுப்புகிற கூடம். டிரையர் என் பொறுப்பு, மடிப்பு அவள் பொறுப்பு. பெரிய விரிப்பை ஒற்றை ஆள் மடித்தால் கோணும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். பதினோரு வருஷமாக எதிர்முனை பிடிப்பவன் நான்தான்.

புருஷன் போன பிறகு ஒரே மகளை இந்த மடிப்பிலேயே வளர்த்தாள். மகள் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டபோது, "இந்தப் பக்கம் வராதே" என்று கதவைச் சாத்தியவளும் இவள்தான். இரண்டு வருஷம் பேச்சில்லை. போன மாதம் புது நம்பரிலிருந்து மகளின் குரல் பதிவு ஒன்று வந்தது. "அம்மா, நல்லாருக்கியா? ஒரு வார்த்தை பேசும்மா." இவளுக்குப் படிக்கத் தெரியாது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் போனைக் காதில் வைத்து அதையே கேட்பாள்.

"பதில் பேசித் தொலையேன்" என்பேன்.

"பேசுறேண்ணே. என்ன சொல்றதுன்னு மனசுக்குள்ள ஒத்திகை பாக்குறேன்."

அதற்குள் போன் இடுப்பிலிருந்து நழுவி அலசல் தொட்டியில் விழுந்தது.

"கடையில குடுத்துரவாண்ணே?"

"அவன் உன் தலையில மிளகாய் அரைப்பான். ஈரத்தைப் பத்தி எனக்கே சொல்றியா? இருபது வருஷமா ஈரத்தோடதான் குடும்பம் நடத்துறேன்."

டவலில் சுற்றி டிரையருக்குள் வைத்தேன். டிரம் சுற்றாமல், சூடு மட்டும், அரை மணி நேரம். வெளியே எடுத்தபோது போன் வயிறு உப்பிக் கிடந்தது.

அவளை அனுப்பாமல் நானே கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் முகர்ந்து பார்த்தார்.

"தண்ணியில விழுந்தது ஒண்ணும் பெரிசில்ல. உடனே கொண்டாந்திருந்தா பிழைச்சிருக்கும். எந்தப் புண்ணியவான் இதை வேகவச்சது?"

"தெரியலப்பா. உள்ள இருந்ததெல்லாம்?"

"எல்லாம் போச்சு."

திரும்பி வந்து அவளிடம், "தண்ணி உள்ள இறங்கிருச்சாம்" என்றேன். சிம்மை என் பழைய பட்டன் போனில் போட்டுக் கொடுத்தேன். மகளின் நம்பர் செத்த போனோடு போய்விட்டது. இனி மகளே கூப்பிட்டால்தான் உண்டு. மணி அடிக்கும்போதெல்லாம் இவள் ஓடிப்போய் எடுத்தாள். கடன் வேணுமா, வீட்டுமனை வேணுமா என்று யாரோ கேட்டார்கள்.

"அண்ணன் எனக்காக எவ்வளவு அலைஞ்சாரு தெரியுமா" என்று கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு நாள் நான் தலை நிமிரவில்லை.

ஐந்தாம் நாள், விரிப்பின் முனைகளைப் பிடித்தபடி சொல்லிவிட்டேன்.

"தண்ணியால இல்லம்மா. என் டிரையர்தான். கடைக்காரர் அன்னைக்கே சொன்னாரு."

நடந்து வந்தவள் பாதியில் நின்றாள்.

"அன்னைக்கேவா?"

"ஆமா."

"நாலு நாளா உங்களைப் புகழ்ந்துக்கிட்டு இருந்தேனேண்ணே." விரிப்பின் முனைகளை விடாமலே கேட்டாள், "என் பொண்ணு என்ன நினைச்சிருப்பா? கேட்டுட்டும் அம்மா வாயைத் திறக்கலைன்னுதானே?"

கிட்டே வந்து என் கையிலிருந்த இரண்டு முனைகளையும் வாங்கிக்கொண்டாள். நடுவை மோவாயில் இடுக்கி, ஒற்றை ஆளாகவே மடித்தாள். கோணியது. பிரித்து மறுபடி மடித்தாள். நான் வெறுங்கையோடு எதிரே நின்றேன்.