திராட்சரசம் என்று சொன்னேன்

கம்பத்துப் பன்னீர்த் திராட்சையில் போடும் வைன் வெறும் இனிப்பாக, நீர்த்துத்தான் வரும். அதற்குக் கொஞ்சம் துவர்ப்பு வேண்டும். வண்டிப்பெரியாரில் முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்த எனக்கு, ஓய்வுபெற்ற பிறகுதான் இது புரிந்தது. நாவல்பழத்தில் தனியாக ஒரு ஜாடி போட்டேன். மூன்று பங்கு திராட்சைக்கு ஒரு பங்கு நாவல். இரண்டையும் கலந்து இரண்டு மாதம் வைத்தபின் நிறம் கறுத்துச் சிவந்தது. ஒரு வாய் குடித்தால் நாக்கின் ஓரங்களைப் பிடித்தது.

எதனோடு குடிப்பது என்பதையும் பார்த்துவைத்தேன். குடம்புளி போட்ட மீன் குழம்போடு குடித்தால் இரும்பை நக்கியதுபோல் இருந்தது. கேக்கோடு குடித்தால் வைன் புளித்தது. தேங்காய்க் கீற்றும் மிளகும் போட்டு வறுத்த மாட்டுக்கறிதான் சரி. கறியின் கொழுப்பைத் துவர்ப்பு வழித்துவிட, அடுத்த வாய்க்குக் கை தானாகப் போகும்.

இதைச் சரியாகச் சொல்லக்கூடிய நாக்கு எங்கள் குடும்பத்தில் ஒன்றுதான். என் தம்பியுடையது. சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டினான். கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் கறி வறுப்பது எப்போதும் அவன்தான். ஒன்பது வருடமாகக் குடியை விட்டிருந்தான். சபை முன்னால் நின்று சாட்சியும் சொன்னவன்.

நாவல் கலந்த வைன் பதமான வருடம், கிறிஸ்துமஸ் மதியம் அவன் முன்னால் கண்ணாடி டம்ளரை வைத்தேன்.

“என்னண்ணே இந்தக் கலரு?”

அவன் மனைவி சிரித்தாள். “அத்தான் ரிட்டையர் ஆனாலும் லேபை விடல போல.”

அவன் முகர்ந்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “இதுல ஒண்ணும் இல்லையே? நான் தொடக்கூடாதுண்ணே” என்றான்.

“திராட்சரசம்லே. சும்மா குடி.”

எங்கள் சபையில் திருவிருந்துக்கு அப்பத்தோடு கொடுப்பது திராட்சையைக் காய்ச்சி இறக்கிய சாறு. புளிக்காதது. அதற்குப் பெயர் திராட்சரசம். வேதாகமத்தில் குடித்து வெறிப்பதற்கும் அதே பெயர்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் அந்தச் சொல்லை எடுத்தேன். அவன் வாயால் ஒரு பாராட்டு வேண்டும், அவ்வளவுதான்.

கறித்துண்டை மென்றபடி ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். “கறியோட சேந்தாத்தான் இது பேசுதுண்ணே” என்றான். அந்த வார்த்தையில் மயங்கி மறுபடி ஊற்றினேன். பிறகும் ஒருமுறை.

புத்தாண்டுக்குள் குமுளியில் மதுக்கடை வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டான். ஈஸ்டர் வருவதற்குள் அவன் ஜீப்பில் ஏற ஆட்கள் மறுத்தார்கள். குடும்பமாகக் கூடி அவனை உட்காரவைத்துப் பேசினோம். அதிகம் பேசியது நான்தான். “சபை முன்னால சாட்சி சொன்னவன்தானலே நீ?” என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். ‘இவருக்கு மானமே கிடையாது’ என்று அவன் மனைவி அழுதபோதும் நான் வாய் திறக்கவில்லை. நான்கு வருடம் அப்படியே போயிற்று.

இப்போது சிகிச்சைக்குப் பிறகு எட்டு மாதமாகக் குடிக்காமல் இருக்கிறான். போன மாதம் பஸ் ஏறிச் சக்குபள்ளம் போய், இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். அன்று கொடுத்தது வைன், தெரிந்தேதான் பொய் சொன்னேன் என்று.

“மொத வாயிலயே தெரிஞ்சுபோச்சுண்ணே” என்றான் தம்பி. “நீ சொல்லிட்டியேன்னு குடிச்சேன். ரெண்டாவது டம்ளர் என் தப்பு.”

அவன் மனைவி சிரிக்கவில்லை. “இத்தன வருஷம் நான் இவர என்னென்ன பேசினேன் அத்தான். கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?” என்றாள். எழுந்து உள்ளே போனவள் நான் கிளம்பும்வரை வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலையில் மறுபடி பஸ் ஏறிச் சக்குபள்ளம் வந்து, அவனோடு கோயிலுக்குப் போனேன். திருவிருந்துக்கு முழங்கால் படியிட்டோம். அப்பத்தை வாங்கிக்கொண்டான். பாத்திரம் வந்ததும் தலையை அசைத்து அனுப்பிவிட்டான்.

வெளியே வந்து, “அதுல ஒண்ணும் இல்லலே, வெறும் சாறுதான்” என்றேன்.

“பாஸ்டரும் அதத்தாண்ணே சொல்றாரு” என்றான். “திராட்சரசம்னு.”